கடைசியில் வருபவரை முன்னே விடுங்கள்

மலை என்றதும் நம்மவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருபவர் முருகப்பெருமான். அடுத்து நினைவுக்கு வருவது தைப்பூசம். பத்துமலையின் 272 படிகளையும் பினாங்குத் தண்ணீர்மலைக் கோயிலின் 513 படிகளையும் காவடியோடும் பால்குடத்தோடும் ஏறுகின்ற சமுதாயம் நம்முடையது. மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி என்று பெயரிட்டு, அதற்கென ஒரு தெய்வத்தையும் வைத்துப் போற்றியவர்கள் நம் முன்னோர்கள். ஆனால், தைப்பூசம் முடிந்த மறுநாளிலிருந்து அடுத்த தைப்பூசம் வரையில் நம் கால்களுக்கு என்ன வேலை இருக்கிறது? மின்தூக்கி பழுதானால் வகுப்புக்கே மட்டம் போடலாமா என்று யோசிக்கும் தலைமுறையாக நாம் இருக்கிறோம் என்றால் அது மிகையாகாது.

பக்தியைக் குறை சொல்வதற்காக இந்தக் கட்டுரையை எழுதவில்லை. வேண்டுதலுக்காக மலை ஏறுகிற நாம், உடலுக்காக ஏன் ஏறுவதில்லை என்பதுதான் என் கேள்வி. இதை எழுதுபவள் விளையாட்டு வீராங்கனை அல்லள். என் உயரம் 158 சென்டிமீட்டர். மலை ஏறத் தொடங்கியபோது என் எடை 78 கிலோ. விடுதியில் என் அறை மூன்றாவது மாடியில் இருந்தது. இரண்டாவது மாடியில் ஒருமுறை நின்று கைத்தொலைபேசியைப் பார்ப்பதுபோல மூச்சு வாங்கிக்கொள்வேன். அப்படிப்பட்ட ஒருத்தி பினாங்குக் கொடிமலையை நடந்தே ஏறிய அனுபவத்திலிருந்து சில கருத்துகளை உங்கள்முன் வைக்கிறேன். உடல் வலுவுள்ளவர்கள் எப்படியும் ஏறிவிடுவார்கள். வலுவில்லாதவர்களுக்குத்தான் மலை தேவை. அவர்கள் ஏறுவதற்கு இடங்கொடுக்கும் பொறுப்பு நம்மைப் போன்ற மாணவர் கழகங்களுக்கு உண்டு என்பதே என் கருத்து.

முதலில் சில எண்களைப் பார்ப்போம். நம் நாட்டின் சுகாதார அமைச்சு 2019ஆம் ஆண்டு நடத்திய தேசியச் சுகாதார ஆய்வின்படி, 18 வயதுக்கு மேற்பட்ட மலேசியர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. அதே ஆய்வில் இந்தியர்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் அது 31.4 விழுக்காடு. ஏறக்குறைய மூவரில் ஒருவர்! 2023ஆம் ஆண்டின் ஆய்வில் நாட்டின் மொத்த விகிதம் 15.6 விழுக்காடாகக் குறைந்தது நல்ல செய்திதான். என்றாலும், நம் வீடுகளில் இனிப்புநீர் இல்லாத குடும்பத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. திருமண விருந்தில் பெரியவர்கள் உட்கார்ந்ததும் பேச்சு எங்கே போகிறது என்று கவனித்துப் பாருங்கள். யாருக்கு எத்தனை மாத்திரை, யாருக்கு ஊசி, யாருக்குக் கால் விரலை எடுத்தார்கள் என்பதுதான் பேச்சு. நாமும் அதைக் காதில் வாங்கியபடியே இரண்டாவது ஜாங்கிரியை எடுத்துக்கொள்கிறோம்.

நம் சமுதாயம் ஏன் இப்படி ஆனது? நாம் சோம்பேறிகள் என்று சிலர் சட்டென்று சொல்லிவிடுவார்கள். இதை நான் ஏற்க மாட்டேன். என் பாட்டி கெடாவில் ஜெராய் மலை அடிவாரத்திலிருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். இருட்டோடு எழுந்து பெரட்டுக்குப் போய், மேட்டுக்காட்டில் நிரை பிடித்து, மரம் மரமாக வெட்டி, பிறகு மங்குகளில் வடிந்த பாலைச் சேர்த்து, காண்டாவின் இரு முனைகளிலும் வாளிகளைத் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து இறங்குவார். மலைச்சரிவில் பால் சிந்தாமல் இறங்குவது ஏறுவதைவிடக் கடினம் என்று இன்றும் சொல்வார். அவருக்கு உடற்பயிற்சி என்ற சொல்லே தேவைப்படவில்லை. அவருடைய வாழ்க்கையே மலையேற்றமாகத்தான் இருந்தது. ஆனால் அதில் எந்த அடியையும் அவர் விரும்பி எடுத்து வைக்கவில்லை.

அந்தப் பாட்டி தன் பிள்ளைகளுக்காகக் கண்ட கனவு என்ன? “வெயில்ல நிக்காம, நிழல்ல உக்காந்து செய்யற வேலை கிடைக்கணும்.” தோட்டத்தில் வாழ்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களின் பிரார்த்தனையும் இதுதான். கிராணி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், தொழிலாளி நின்றுகொண்டிருந்தார். ஆகவே, உட்காருவது மரியாதை என்றும் நிற்பதும் நடப்பதும் சுமப்பதும் கூலிவேலை என்றும் நம் மனத்தில் ஆழமாகப் பதிந்துவிட்டது. தோட்டங்கள் துண்டாடப்பட்டுச் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிய பிறகு, நம் குடும்பங்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்கு வந்து சேர்ந்தன. என் அப்பா லாரி ஓட்டுநரானார். ஒரு நாளில் பத்து மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். அம்மா தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வந்து பகலில் தூங்குகிறார். நான் பல்கலைக்கழகத்தில் கணினிமுன் உட்கார்ந்திருக்கிறேன். பாட்டியின் பிரார்த்தனை பலித்துவிட்டது! ஆனால் காண்டா சுமந்த காலத்துச் சாப்பாட்டு அளவு மட்டும் மாறவில்லை. சோறு அதே அளவுதான்; கூடுதலாகக் கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக்கும் நள்ளிரவு ரொட்டி சானாயும் வந்து சேர்ந்துகொண்டன.

இதனால்தான், ஓய்வு நாளில் மலை ஏறப் போகிறேன் என்று வீட்டில் சொன்னபோது பாட்டி சிரித்தார். “நாங்க பொழப்புக்கு ஏறினோம். நீ எதுக்கும்மா காசு செலவு பண்ணி ஏறப் போற?” என்று கேட்டார். அந்தக் கேள்வி நியாயமானது. கட்டாயத்தால் செய்த ஒன்றிலிருந்து விடுபட்டவர்கள், அதையே பிள்ளைகள் விருப்பத்தோடு செய்வதைப் பார்த்தால் வியப்படையத்தான் செய்வார்கள். அவருக்கு நான் அன்று சொல்ல முடியாத பதிலைத்தான் இந்தப் பக்கங்களில் எழுத முயல்கிறேன்.

வீடு ஒருபுறம் இருக்கட்டும். பள்ளி நமக்கு என்ன செய்தது? நான் ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளியில் படித்தேன். மொத்தமே அறுபதுக்குச் சற்று மேற்பட்ட மாணவர்கள். மூன்று விளையாட்டு இல்லங்கள். ஆள் பற்றாக்குறையால் குண்டாக இருந்தவர்களும் ஓடினோம், ஒல்லியாக இருந்தவர்களும் ஓடினோம். அஞ்சல் ஓட்டத்தில் நான்காவது ஆளாக நான் ஓடியதற்கு ஒரே காரணம், எங்கள் இல்லத்தில் அந்த வயதில் நான்கு பெண்கள்தாம் இருந்தோம்! தோற்றோம், ஆனாலும் ஓடினோம். பிறகு தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனேன். ஆயிரத்துக்கும் அதிகமான மாணவர்கள். அங்கே ஓடுவதற்கென்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இருந்தார்கள். எஞ்சியவர்கள் கூடாரத்தில் உட்கார்ந்து கைதட்டினோம். ஐந்தாண்டுகள் நான் நன்றாகக் கைதட்டினேன்.

செகாக் எனப்படும் உடல் தகுதிச் சோதனையை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். ஆண்டுக்கு இருமுறை உயரமும் எடையும் அளப்பார்கள். மூன்று நிமிடம் பலகையில் ஏறி இறங்க வேண்டும். பிறகு தரையில் கையூன்றி எழ வேண்டும், வயிற்றை மடக்கி எழ வேண்டும், காலை நீட்டி விரலைத் தொட வேண்டும். நல்ல நோக்கத்தோடு கொண்டுவரப்பட்ட திட்டம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் நான் படித்த பள்ளியில் உடல் எடைக் குறியீட்டை வகுப்பின்முன் உரக்க வாசித்துப் பதிவு செய்தார்கள். என் எண்ணைக் கேட்டதும் பின்வரிசையில் எழுந்த சிரிப்பு எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. மார்ச்சில் அளந்தார்கள், ஆகஸ்டில் மீண்டும் அளந்தார்கள். இடையிலிருந்த மாதங்களில் என்னைப் போன்றவர்களுக்கு என்ன பயிற்சி கொடுத்தார்கள்? உடற்கல்விப் பாடவேளை பல நாள்களில் கணக்குக்குப் போய்விடும். குறுக்கோட்டப் போட்டியில் கடைசியாக வந்து சேர்பவர்களுக்காக யாரும் காத்திருப்பதில்லை; நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மேசை நாற்காலிகளை அடுக்கத் தொடங்கியிருந்தார்கள். ‘இது எனக்கான இடமன்று’ என்ற பாடத்தை ஒரு பிள்ளை இதைவிடத் தெளிவாகக் கற்றுக்கொள்ள முடியுமா?

இப்போது கொடிமலைக்கு வருவோம். பினாங்குத் தாவரவியல் பூங்காவின் நுழைவாயில் அருகிலிருந்து மேலே போகும் ஜீப் பாதை ஏறக்குறைய 5 கிலோமீட்டர். மலையின் உச்ச உயரம் 833 மீட்டர். இரயில் போய்ச் சேருகின்ற மேல்பகுதி 700 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால், சராசரியாக 100 மீட்டர் நடக்கும்போது 12, 13 மீட்டர் உயர்கிறோம். அதாவது நான்கு மாடி! மொத்தத்தில் இருநூறு மாடிகளுக்கு மேல். முழுவதும் தார்ச்சாலைதான், வழி தவறிவிடும் என்ற பயம் இல்லை. ஆனால் சமதரையும் இல்லை. ஒரு வளைவைத் தாண்டினால் சற்று மூச்சு விடலாம் என்று நினைப்போம். வளைவுக்கு அப்பால் அதைவிடச் செங்குத்தான ஒரு வளைவு நம்மைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

அந்தப் பாதையில் நான் முதன்முறை போனது ஒரு மாணவர் குழுவோடு. முப்பது பேர் இருந்தோம். எல்லாருக்கும் ஒரே நிறத்தில் சட்டை. புகைப்படம் எடுத்து முடித்த பத்தாவது நிமிடத்தில் முன்னே போனவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. எனக்குக் காதுக்குள் இதயம் அடித்தது. தொண்டை வறண்டது. முன்னே போனவர்கள் ஒரு வளைவில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பார்கள், நாங்கள் நான்கைந்து பேர் தட்டுத்தடுமாறிப் போய்ச் சேர்ந்ததும், “சரி, எல்லாரும் வந்தாச்சு, போகலாம்!” என்று எழுந்துவிடுவார்கள். இதில் உள்ள அநியாயத்தைக் கவனித்தீர்களா? ஓய்வு தேவைப்படாதவர்களுக்குப் பத்து நிமிட ஓய்வு. ஓய்வு தேவைப்படுகிறவர்களுக்கு ஒரு நிமிடம்கூட இல்லை! மூன்றாவது முறை அப்படி நடந்ததும் நானும் இன்னொரு தோழியும் திரும்பிவிட்டோம். யாரும் எங்களைத் திட்டவில்லை. கீழே இறங்கும்போது அந்தத் தோழி, “நமக்கெல்லாம் இது சரிப்படாதுடி” என்றாள். அவள் இன்றுவரை மீண்டும் வரவில்லை. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அவளுடைய அந்த ஒரு வாக்கியம்தான்.

இரண்டாவது முறை விடுதியில் இருந்த மூத்த மாணவி ஒருவர் எங்களை அழைத்துப் போனார். நாங்கள் ஐவர். பூங்கா வாசலில் நின்று என்னைப் பார்த்து, “நீ முன்னால போம்மா. நாங்க உன் பின்னால வர்றோம். உன்னை யாரும் தாண்டிப் போகக்கூடாது, அதான் இன்னிக்குச் சட்டம்” என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. “அக்கா, ரொம்ப லேட்டாயிடும்” என்றேன். “மலை எங்கேயும் ஓடிப் போயிடாது” என்றார். நான் முன்னே நடந்தேன். என் வேகம்தான் குழுவின் வேகம் ஆனது. நான் நின்றபோது எல்லாரும் நின்றார்கள். யாரும் எனக்காகக் காத்திருக்கவில்லை. ஏனெனில் எனக்கு முன்னால் யாருமே இல்லை!

அன்று நான் கவனித்தவை பல. மூச்சு வாங்கி நிற்பவர்களை அந்தப் பாதை வித்தியாசமாகப் பார்ப்பதில்லை. எழுபது வயதைத் தாண்டிய சீனப் பாட்டிகள் குடையை ஊன்றிக்கொண்டு எங்களைக் கடந்து போனார்கள். ஒரு முதியவர் என் சிவந்த முகத்தைப் பார்த்து, “பெலான்-பெலான், அடேக்” என்று சொல்லிவிட்டுப் போனார். மெதுவாக, மெதுவாக. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையமுள்ள கருங்குரங்குகள் மரத்தில் உட்கார்ந்து இலை தின்றுகொண்டு எங்களை வேடிக்கை பார்த்தன. பாதி வழியில், 84 என்று எண்ணால் அழைக்கப்படும் ஓய்விடத்தில் மலையேறிகளே தன்னார்வத்தோடு சூடான தேநீர் வைத்திருந்தார்கள். விரும்பியதை உண்டியலில் போடலாம். அங்கே யாரும் என்னிடம் எத்தனை நிமிடத்தில் வந்தாய் என்று கேட்கவில்லை. இடைநிலைப்பள்ளியின் ஐந்தாண்டுகளில் எனக்குக் கிடைக்காத ஒன்று அந்தத் தேநீர்க் குவளையோடு கிடைத்தது.

மேலே போய்ச் சேர மூன்று மணி நேரமும் பத்து நிமிடமும் ஆனது. பழக்கப்பட்டவர்கள் ஒன்றரை மணி நேரத்தில் ஏறிவிடுவார்கள். ஆனால் மேலே வீசிய குளிர்காற்று இரு சாராருக்கும் ஒன்றுதான். வானம் தெளிவாக இருந்ததால் பினாங்குப் பாலமும் அப்பால் பட்டர்வொர்த்தும் வடக்கே நீலநிறத்தில் ஜெராய் மலையும் தெரிந்தன. அந்த அடிவாரத்தில்தான் என் பாட்டி காண்டா சுமந்தார் என்று தோழிகளிடம் காட்டினேன்.

அந்த மலையின் வரலாறும் நான் மேலே சொன்ன கருத்தோடு ஒட்டியே இருக்கிறது. கொடிமலை இரயில் 1923ஆம் ஆண்டு ஓடத் தொடங்கியது. அதற்கு முன்னர், வெக்கை தாங்காத வெள்ளைக்கார அதிகாரிகளும் வசதி படைத்தவர்களும் டோலியில் உட்கார்ந்து மேலே போனார்கள். கூலியாள்கள் அவர்களைத் தோளில் சுமந்து ஏறினார்கள். ஒரே மலை. ஒரே பாதை. ஏறாமல் ஏறியவர் துரை; ஏறியவர் கூலி. இன்று நிலைமை தலைகீழாகிவிட்டது. நாட்டில் வசதியுள்ளவர்கள் விலையுயர்ந்த காலணிகளை வாங்கிக்கொண்டு காலை ஏழு மணிக்கே மலைக்குப் போகிறார்கள். வசதியில்லாதவர்கள் இரண்டு வேலை பார்த்துவிட்டு, உட்கார்ந்தபடியே உறங்குகிறார்கள். உடல் உழைப்பு ஒரு காலத்தில் நம்மேல் சுமத்தப்பட்டது. இன்று அதே உழைப்பு, நேரமும் தெம்பும் உள்ளவர்களின் சலுகையாகிவிட்டது. சுமை இல்லாமல், மேற்பார்வைக்கு ஆள் இல்லாமல், நம் விருப்பத்துக்கு நடக்கும் உரிமையை நாம் இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை. பாட்டிக்கு நான் சொல்ல நினைத்த பதில் இதுதான்.

இனி, தொடங்க நினைப்பவர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். மலையில் எந்த வேகத்தில் போக வேண்டும் என்பதற்கு எளிய அளவுகோல் ஒன்று உண்டு. நடந்துகொண்டே ஒரு முழு வாக்கியத்தைப் பேச முடிந்தால் வேகம் சரி. இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். மருத்துவர்களும் பயிற்றுநர்களும் இதைப் பேச்சுச் சோதனை என்பார்கள். கடிகாரமோ கருவியோ தேவையில்லை. வாய் போதும், அதில் நமக்குக் குறையே இல்லை!

அடுத்து, வலி. ஏறும்போது மூச்சுதான் சிரமப்படும். மறுநாள் நம்மைப் படுத்துவது இறக்கம். இறங்கும்போது தொடையின் முன்தசைகள் உடல் எடையைத் தாங்கி, நீண்டுகொண்டே பிரேக் போடுகின்றன. பழக்கமில்லாத தசை நார்களில் இதனால் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. வலி உடனே வராது. ஒருநாள் கழித்து வந்து, இரண்டு மூன்று நாள்கள் இருந்துவிட்டுப் போகும். நான் இரண்டாவது முறை இரயிலில் இறங்கினேன். மூன்றாவது முறை நடந்தே இறங்கினேன். அடுத்த மூன்று நாள்கள் விடுதிப் படியில் பின்பக்கமாக இறங்கினேன். ஆனால் நல்ல செய்தி என்னவென்றால், தசைகள் பாடத்தை மறப்பதில்லை. சில வாரங்களுக்குள் மீண்டும் அதே மலைக்குப் போனால் அந்த வலி பெருமளவு குறைந்துவிடுகிறது. ஒருமுறை போய்விட்டு, வலித்தது என்று விட்டுவிடுபவர்கள் பலனை எடுக்காமல் வலியை மட்டும் வாங்கிக்கொண்டவர்கள் ஆகிறார்கள்.

உலகச் சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டியின்படி, பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும். ஒரு கொடிமலைப் பயணமே, என் வேகத்தில், அந்தக் குறைந்தபட்ச அளவைத் தாண்டிவிடுகிறது! அதற்காக வாரம் முழுவதும் படுத்துக்கிடந்துவிட்டு ஞாயிறன்று மலைக்குப் போங்கள் என்று சொல்லவில்லை. நடுவில் படிக்கட்டு இருக்கிறது. உணவகம் வரை நடை இருக்கிறது. ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ உள்ளவர்கள் முதலில் மருத்துவரைப் பார்த்துவிட்டு வர வேண்டும். மற்றவர்கள் காலை ஏழு மணிக்குத் தொடங்கி, பிற்பகல் மழைக்கு முன் திரும்பிவிடுவது நல்லது. ஒன்றரை லிட்டர் தண்ணீர் வேண்டும். நெகிழிப்பையைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு போகாதீர்கள். பூங்காப் பக்கத்துக் குரங்குகள் அதைத் தங்களுக்கு வந்த சீராக எடுத்துக்கொள்ளும்.

செலவைப் பற்றிச் சிலர் தயங்குவார்கள். தார்ச்சாலைக்கு வீட்டிலிருக்கும் ஓட்டக் காலணியே போதும். மண்பாதைக்கு ‘அடிடாஸ் கம்போங்’ என்று மலாய்க்காரர்கள் கேலியாகப் பெயர் வைத்த கறுப்பு ரப்பர்க் காலணி இருக்கிறது. ஓரிரு வேளைச் சாப்பாட்டுக் காசுக்குள் கிடைக்கும். சேற்றிலும் வழுக்காது. மலையோட்ட வீரர்களே அதை விரும்பி அணிகிறார்கள். அதை யார் முதலில் அணிந்தார்கள் தெரியுமா? பால்மரம் வெட்டுகிறவர்கள்தாம். என் பாட்டியின் வீட்டு வாசலில் இன்றும் ஒரு சோடி கிடக்கிறது.

பெண்பிள்ளைகளுக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்கும் பெற்றோர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய கவலை பாதுகாப்பைப் பற்றியது என்றால் அதற்குப் பதில் உண்டு: நான்கைந்து பேராகப் போவோம், போகும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் சொல்லிவிட்டுப் போவோம், ஆள் நடமாட்டமுள்ள பாதையில் மட்டும் போவோம். அவர்களுடைய கவலை கறுத்துப்போவதைப் பற்றியது என்றால், மன்னிக்கவும், நம் வீட்டில் இனிப்புநீர்க்காரர்கள் எத்தனை பேர் என்பதை முதலில் எண்ணிப் பார்க்கச் சொல்லுவோம்.

கடைசியாக, எல்லாரும் கேட்கப்போகும் கேள்வி. மொழிக் கழகத்துக்கும் மலைக்கும் என்ன தொடர்பு? நாம் பேச்சுப் போட்டி நடத்துகிறோம், நாடகம் போடுகிறோம், பொங்கல் வைக்கிறோம். மலையேற்றம் விளையாட்டுத் துறையின் வேலை என்று சிலர் சொல்லலாம். நான் மாறுபடுகிறேன். சரியான வேகத்துக்கு அளவுகோல் பேச்சு என்று மேலே சொன்னேன் அல்லவா? அந்தப் பேச்சு எந்த மொழியில் இருக்கும்? எங்கள் ஐவரில் இருவர் தேசியப்பள்ளியில் மட்டுமே படித்தவர்கள். விடுதியில் எங்களோடு ஆங்கிலமும் மலாயும் கலந்துதான் பேசுவார்கள். மேடையில் ஏறித் தமிழ் பேசச் சொன்னால் ஓடிவிடுவார்கள். ஆனால் மூன்று மணி நேரம், இணையத் தொடர்பு விட்டுவிட்டு வரும் ஒரு பாதையில், மூச்சுக்கு இடையே சின்னச் சின்ன வாக்கியங்களாக அவர்கள் தமிழிலேயே பேசிக்கொண்டு வந்தார்கள். பிழை திருத்த யாருக்கும் மூச்சு இல்லை! தமிழ் பேசக் கூச்சப்படுகிறவர்களும் மலை ஏறக் கூச்சப்படுகிறவர்களும் ஒரே காரணத்துக்காகத்தான் பின்வாங்குகிறார்கள். வேகமாகப் போகிறவர்கள் முன்னால் நின்று தங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று பயப்படுகிறார்கள். இரண்டு பயத்துக்கும் ஒரே மருந்துதான் இருக்கிறது.

ஆகவே, நம் கழகத்தின் அடுத்த செயலவைக்கு என் வேண்டுகோள் இது. மாதம் ஒருமுறை ஒரு மலைநடையை ஏற்பாடு செய்யுங்கள். முதல் மாதம் சிறிய குன்றாக இருக்கட்டும். தனிச் சட்டை வேண்டாம், பதாகை வேண்டாம், முதல் பரிசு வேண்டாம். விதிமுறைகள் இரண்டு போதும். முதலாவது, குழுவில் மிக மெதுவாக நடப்பவர் முன்னே நடப்பார்; அவரை யாரும் தாண்டக்கூடாது. இரண்டாவது, போகும் வழியெல்லாம் தெரிந்த தமிழில் பேச வேண்டும். யாரும் யாரையும் திருத்தக்கூடாது. வேகமாக ஏறக்கூடியவர்களுக்கு இது சலிப்பாக இருக்கும் என்பதை அறிவேன். அவர்கள் வேறொரு நாளில் தங்கள் வேகத்தில் போகலாம். மலை எல்லா நாளும் திறந்துதான் இருக்கிறது. மாதத்தில் ஒரு நாளை மட்டும் மெதுவானவர்களுக்குக் கொடுங்கள்.

நண்பர்களே, இதைப் படிக்கும் உங்களில் சிலர் என்னைப் போல இரண்டாவது மாடியில் நின்று கைத்தொலைபேசியைப் பார்ப்பவர்கள் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கு ஒன்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். உடம்பு தேறிய பிறகு மலைக்குப் போகலாம் என்று காத்திருக்காதீர்கள். இந்த உடம்போடு, இந்த மூச்சோடு, இந்த மாதமே வாருங்கள். என் எடை இன்று 73 கிலோ. இன்னும் நான் குண்டுதான், இன்னும் மெதுவாகத்தான் ஏறுகிறேன். பெயர்ப் பட்டியல் கழக அறையில் ஒட்டப்படும்போது என் பெயர் அதில் இருக்கும். அதற்குக் கீழே உங்கள் பெயரை எழுதுங்கள். முன்னால் நடக்க ஆள் வேண்டும்!